ஆந்தையார் பகலுக்கு வந்த கதை

ஐஸ் போடுவதற்கு உலகத்திலேயே மோசமான நேரம் எது என்று சின்னக் குழந்தையைக் கேட்டாலும் உச்சிவெயில் என்று சொல்லிவிடும். இனிமேல் அந்த நேரத்தில்தான் ஐஸ் போட வேண்டும் என்று மின்சாரக்காரர்கள் வந்து சொன்னபோது ஆந்தையார் அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். இவர்களுக்குத் தலையில் வெயில் ஏறிவிட்டதோ என்று அவருக்குச் சந்தேகம்.

ஆந்தையார் என்பது மீன் சந்தைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர். சந்தைக்குப் பின்புறம் இருக்கும் ஐஸ் தொழிற்சாலையில் அவர் மிஷின் ஆபரேட்டர். கல்யாணமான புதிதில் வேலைக்குச் சேர்ந்தார். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகும் அதே மிஷின், அதே ராத்திரி ஷிப்ட். ஊர் விளக்கைப் போடும் நேரத்தில் சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்புவார், ஊர் பல் துலக்கும்போது கொட்டாவி விட்டுக்கொண்டே திரும்பி வருவார். மனிதர் மரியாதையானவர் என்பதால் வெறும் ஆந்தை என்று சொல்ல மனம் வராமல் பின்னால் ஒரு ‘யார்’ சேர்த்துக்கொண்டார்கள். அப்படிக் கூப்பிட்டால் அவர் கோபித்துக்கொள்வதில்லை, திரும்பிப் பார்ப்பார்.

அத்தனை வருடமும் ராத்திரியில் ஐஸ் போட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. பெரிய அனல் மின் நிலையங்களை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது பற்றவைக்க முடியாது. ஊரே குறட்டை விடும்போதும் அவை எரிந்துகொண்டேதான் இருக்கும். எடுக்க ஆளில்லாத அந்த மின்சாரத்தை மலிவாகக் கொடுத்தார்கள், ஐஸ்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். இப்போது எல்லாம் தலைகீழ். எந்த மொட்டைமாடியைப் பார்த்தாலும் சூரியத் தகடு, ஊருக்கு வெளியே தரிசு முழுக்கத் தகடு. நண்பகலில் மின்சாரம் கொட்டுகிறது, அள்ள ஆளில்லை. சூரியன் இறங்கி எல்லோரும் வீட்டுக்கு வந்து ஸ்விட்சைப் போடும்போதுதான் பற்றாக்குறை. ராத்திரி காற்றாலைகள் சுற்றும், அதுவும் காற்றுக்கு மனம் இருந்தால்.

இதையெல்லாம் சமாளிக்கும் அலுவலகத்துக்கு லோடு ஆபீஸ் என்று பெயர். அங்கிருந்து வந்திருந்த இஞ்சினியர் பெண் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு உப்புநீர்த் தொட்டியின் பக்கத்தில் நின்றுவிட்டாள். ஐஸ் அச்சுகளெல்லாம் அந்தத் தொட்டியில்தான் முங்கியிருக்கும். பகல் முழுக்க ஓட்டி உப்புத்தண்ணீரை நன்றாகக் குளிர வைத்துவிட்டால், மூடி போட்டு வைத்த தொட்டி சாயங்காலம் முழுக்க மிஷின் ஓடாமலே தாங்கும் அல்லவா என்று கேட்டாள். ஆந்தையார் தாங்கும் என்றார். அப்படிச் சொல்லித் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார்.

வெயிலில் மிஷின் திணறும் என்று அவர் அப்போதே சொன்னதும் பொய்யில்லை. முதல் வாரம் மிஷினுக்கு மூச்சு வாங்கியது, அவருக்கும் மூச்சு வாங்கியது. முதலாளியம்மா, மிஷினின் சூட்டை ஆற்றும் வெளித்தொட்டிக்கு மேல் ஒரு கூரை போட்டுக் கொடுத்ததும் இரண்டு பேருக்கும் சரியாகிவிட்டது. தினமும் சாயங்காலம் அந்த இஞ்சினியர் பெண் போன் செய்து, நாளைக்கு எப்போது ஓட்டலாம், எப்போது நிறுத்தலாம் என்று சொல்லுவாள். ஐஸ் தள்ளும் ஆட்கள் அவளுக்கு வெயில்காரம்மா என்று பெயர் வைத்தார்கள். நாளைக்குத் துணி துவைக்கலாமா என்றுகூட அவளிடம் கேட்டுச் சொல்லும்படி ஆந்தையாரைப் பிடுங்கினார்கள்.

ஆக, தொழிற்சாலை பகலுக்கு மாறியதில் பெரிய வம்பு ஒன்றும் இல்லை. ஆந்தையாரும் மாற வேண்டியிருந்தது, வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் தெருவே அவருக்குப் புதிதாக இருந்தது. பக்கத்து வீட்டுச் சுவர் நீலம் என்று அன்றுதான் பார்த்தார். அந்த வீட்டு மருமகள், கதவைத் திறந்துகொண்டிருந்த இவரைப் பார்த்து, “யாருங்க நீங்க, அக்கா வீட்ல இல்ல” என்று அதட்டினாள். இவர் சாவியைத் தூக்கிக் காட்டினார். சாவி திருட்டுச் சாவியாகவும் இருக்கலாம் என்ற பார்வையோடுதான் அவள் உள்ளே போனாள். ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை, பகலில் மிஷின் சத்தம் கேட்டதும் தாலாட்டுப் பாடியதுபோல் கண் சொருகியது.

இதெல்லாம் போகப் போகச் சரியாகக்கூடியது. சரியாகாதது வீட்டுக்குள் இருந்தது.

அவருடைய மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை பார்ப்பவர். கடையில் எல்லோரும் கூப்பிடுவதுபோல நாமும் தையலம்மா என்றே வைத்துக்கொள்வோம். காலையில் ஆந்தையார் செருப்பைக் கழற்றும்போது தையலம்மா செருப்பைப் போட்டுக்கொண்டிருப்பார். சாயங்காலம் அவர் உள்ளே வரும்போது இவர் தூக்கைத் தேடிக்கொண்டிருப்பார். வாரத்தில் ஒரு லீவு நாள். அந்த ஒரு நாளை நம்பித்தான் ஒரு மகளையும் பெற்று வளர்த்தார்கள் என்று மச்சினி இன்றைக்கும் கேலி செய்வாள்.

பேச நேரமில்லாத வீட்டில் பொருட்கள் பேசப் பழகிவிட்டன. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த ஏற்பாடு இல்லை, தானாக வளர்ந்தது. அடுப்பின்மேல் டம்ளர் கவிழ்ந்திருந்தால் பால் தீர்ந்துவிட்டது. மேஜையில் சீப்பு தனியாகக் கிடந்தால், முடிவெட்டிக்கொள்ளும் காலம் வந்துவிட்டது ஐயா என்று அர்த்தம். நாற்காலியில் இருக்கும் பொருள் பழுது பார்க்க வேண்டியது, வாசல் பக்கம் இருப்பது போகும்போது எடுத்துக்கொண்டு போக வேண்டியது. செருப்பின் முனை சுவரைப் பார்த்திருந்தால் தையலம்மா கோபமாக இருக்கிறார். அன்றைக்கு ஆந்தையார் தூங்கப் போகும் முன் தன் கண்ணாடிக் கூட்டைத் தலையணையில் வைத்துவிட்டுப் படுப்பார். அது மன்னிப்பு. சாயங்காலத்துக்குள் செருப்பு நேராகிவிடும். எதற்குக் கோபம், எதற்கு மன்னிப்பு என்று இரண்டு பேருமே கேட்டதில்லை, ஆனால் சண்டை அன்றைக்கே தீர்ந்தது. சத்தம் போட்டுச் சண்டை போட்டவர்கள் பலர் வருடக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைவதைப் பார்த்திருக்கிறோம். இவர்கள் எவ்வளவோ தேவலை.

இப்படிப்பட்ட வீட்டில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருந்தால் என்ன ஆகும்? பொருட்கள் ஓயாமல் இடம் மாறும். தரையைத் துடைக்கத் தையலம்மா செருப்பைத் தள்ளி வைப்பார், அதன் முனை சுவரைப் பார்க்கும். ஆந்தையார் கோபம் என்று நினைத்துக்கொள்வார். கண்ணாடிக் கூட்டைத் தலையணையில் கொண்டுபோய் வைப்பார். என்ன தப்பு செய்தார் இவர், எதை மறைக்கிறார் என்று தையலம்மா யோசிப்பார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தால் இவர் பாலோடு வந்து நிற்பார். ஒரு வாரத்தில் அந்த வீட்டில் இருந்த பாலில் ஒரு டீக்கடையே நடத்தியிருக்கலாம்.

சரி, வாயைத் திறந்து பேசலாமே என்று பேச ஆரம்பித்தார்கள். அது அதைவிட மோசம். மின்விசிறி எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதில் ஆரம்பித்து ஜன்னல் வரைக்கும் வந்தது. தையலம்மாவுக்கு என்று ஒரு சாயங்காலம் இருந்தது. ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு மருமகளோடு அரட்டை அடித்து, பாத்திரத்திலிருந்தே நேராகச் சாப்பிட்டு, கட்டிலின் நடுவில் கையைக் காலை நீட்டிப் படுக்கும் சாயங்காலம். இப்போது எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து, மிஷினைக் கவனிப்பதுபோல் அவரைக் கவனித்துக்கொண்டிருந்தார். குக்கர் சத்தம் சரியில்லை, வால்வைப் பார்க்கணும் என்று இவர் சொன்ன ஒரு நாள், தையலம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

“ராத்திரி வேலைக்குப் போயிட்டிருந்தப்போ நீங்க ரொம்ப நல்ல மனுஷன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார்தான். ஆனால் ஆந்தையாருக்கு அந்தச் சிரிப்பு காதில் ஏறவில்லை, சொன்னது மட்டும் ஏறிவிட்டது. அவருக்கு உண்மையிலேயே வலித்தது. இத்தனை வருடம் நம்மைச் சகித்துக்கொண்டதே பார்க்காமல் இருந்ததால்தானோ என்று நினைத்தார். மிஷின் பக்கத்தில் நின்றபடி இதையே நினைத்து நினைத்து ஐஸ் மாதிரியே இறுகிப் போனார்.

இந்த நேரம் பார்த்து முதலாளியம்மாவின் தம்பியிடமிருந்து அழைப்பு வந்தது. அவருக்கு வேறு ஊரில் ஓர் ஐஸ் தொழிற்சாலை. அங்கே மலைக் கணவாய் வழியாக ராத்திரி முழுக்கக் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும், காற்றாலை மின்சாரம் ராத்திரியில்தான் மலிவு. அனுபவமுள்ள ராத்திரி ஆபரேட்டர் வேண்டும், தங்க அறை உண்டு, மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரலாம். ஆந்தையார் பகலில் வாடிப்போய் நிற்பதைப் பார்த்த முதலாளியம்மா, விருப்பமிருந்தால் போங்கள், வார முடிவுக்குள் சொல்லுங்கள் என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னார். தையலம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். “ம்” என்றார். அவ்வளவுதான். போகாதீங்க என்று ஒரு வார்த்தை வருமா என்று ஆந்தையார் காத்திருந்தார். போகமாட்டேன் என்று இவர் சொல்வாரா என்று தையலம்மாவும் காத்திருந்திருக்கலாம், நமக்கு என்ன தெரியும்? இரண்டு பேரும் ஊசியின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகளுக்குப் போன் போட்டு யோசனை கேட்கலாம் என்று ஆந்தையாருக்குத் தோன்றியது. போட்டார். பேத்திக்குப் பல் முளைத்த கதையைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

வாரத்தின் கடைசி வேலை நாள் காலையில் அவர் கிளம்பும்போது வாசல் பக்கத்தில் அவருடைய பெரிய பிரயாணப் பை இருந்தது. தூசி தட்டித் துடைத்து, சுவரோரமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. வாசல் பக்கம் இருப்பது எடுத்துக்கொண்டு போக வேண்டியது. இந்த வீட்டில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. ஆந்தையார் பையைப் பார்த்தார், உள்ளே வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவியின் முதுகைப் பார்த்தார், பேசாமல் படி இறங்கினார். தெரு முழுவதும் வெயில், அவருக்கு மட்டும் இருட்டிக்கொண்டு வந்தது.

தொழிற்சாலைக்குப் போனதும் முதல் வேலையாக முதலாளியம்மாவிடம் சம்மதம் என்று சொல்லிவிட்டார். தம்பிக்கு இன்றைக்கே தகவல் சொல்லிவிடுகிறேன் என்றார் அவர்.

மத்தியானம் எங்கிருந்தோ மேகம் வந்து கவிந்தது. போன் அடித்தது. தகடுகள் எல்லாம் படுத்துவிட்டன, இன்றைக்கு இதோடு மிஷினை நிறுத்த முடியுமா, தொட்டி தாங்குமா என்று வெயில்காரம்மா கேட்டாள். தாங்கும் என்று ஆந்தையார் மிஷினை நிறுத்தினார். வழக்கமாக அதோடு போனை வைத்துவிடுவார். அன்று மனது சரியில்லாததால் எரிந்து விழுந்தார். நிறுத்துகிற அதிகாரம் உங்கள் ஆபீஸ் கையில்தானே இருக்கிறது, பேசாமல் நிறுத்திவிட்டுப் போக வேண்டியதுதானே, எதற்கு ஒவ்வொரு தடவையும் போன் செய்து கேட்டு உயிரை வாங்குகிறாய் என்றார்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்கப் பலரிடம் பேச்சு வாங்குகிறவள்.

“முன்னாடி யாரையும் கேட்க வேண்டிய அவசியமே இல்ல சார். தினமும் ஒரே மாதிரி ஓடிட்டிருந்துச்சு. இப்போ வெயிலு, காத்து ரெண்டும் நம்ம கையில இல்ல, நேத்து மாதிரி இன்னிக்கு இல்ல. கேட்டுத்தான் சார் ஆகணும். உங்க தொட்டில என்ன இருக்குன்னு நாங்களா நினைச்சுக்கிட்டு ஏதாவது செஞ்சா தப்பாத்தான் போகும்.”

போனை வைத்துவிட்டு ஆந்தையார் ஸ்டூலில் உட்கார்ந்தார். மிஷின் நின்றுபோன கூடத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. வாசலில் இருந்த பை நினைவுக்கு வந்தது. பிறகு தொட்டியின் மூடிகளைச் சரிபார்த்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு விறுவிறு என்று நடந்தார். வீட்டுக்கு இல்லை, தையல் கடைக்கு. அந்தக் கடைக்குள் அவர் அதுவரை கால் வைத்ததே இல்லை.

கடையில் வரிசையாக மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. தைக்காத சட்டைக் காலர்கள் குவியலாகக் கிடந்தன. இவரை வாசலில் பார்த்ததும் தையலம்மாவின் கால் பெடலிலிருந்து நழுவிவிட்டது. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து எழுந்து ஓடி வந்தார். மற்ற மிஷின்களும் ஒவ்வொன்றாக நின்றன. இதுதான் அந்த ஆந்தையாரா என்று பார்க்க எல்லோருக்கும் ஆசை.

“அந்தப் பைய ஏன் வாசல்ல வச்சே?” என்று கேட்டார் ஆந்தையார்.

“அலமாரிச் சுவர்ல ஈரம் ஏறியிருக்கு. அதான் பைய எடுத்துத் தொடச்சு வெளிய வச்சேன். இதக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

ஆந்தையாருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதற்குள் தையலம்மாவின் முகமும் மாறிவிட்டது. அவருக்கும் ஒரு கேள்வி இருந்தது. சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில், முன்பு ஷிப்டுக்குக் கொண்டுபோகும் அந்த நீள டார்ச்சைத் துடைத்து, புது பேட்டரி போட்டு ஏன் வைத்தீர்கள், ராத்திரி வேலைக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டுத்தானே வைத்தீர்கள் என்றார். டார்ச் இனி நமக்கு எதற்கு, தொழிற்சாலைக் காவல்காரருக்குக் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தேன் என்றார் இவர். குட்டு இரண்டு பக்கமும் வெளிப்பட்டுவிட்டது. நின்றுபோன மிஷின்களுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஆந்தையார் அடுத்துச் சொன்னதை அவர் வாழ்க்கையில் அதற்கு முன் சொன்னதில்லை.

“எனக்குப் போக இஷ்டமில்ல. நீ போகச் சொல்றியா?”

தையலம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைப்பதற்குக் கொஞ்சம் அதிகமாகவே நேரம் எடுத்தது.

“போக வேண்டாம்” என்றார். “ஆனா ஃபேன் மூணுல இருக்கணும். குக்கர் பக்கம் நீங்க வரக்கூடாது.”

நிபந்தனைகள் ஏற்றுக்கொள்ளப்பட்டன. ஆந்தையார் ஓட்டமும் நடையுமாக முதலாளியம்மாவிடம் போனார். அவர் தம்பியிடம் அதற்குள் சொல்லிவிட்டிருந்தார். அதனால் தம்பியிடம் போனில் ஒரு பாட்டம் திட்டு வாங்க வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டார். அத்தனை சந்தோஷமாகத் திட்டு வாங்கிய ஆளைத் தம்பி பார்த்திருக்க மாட்டார்.

அதற்காக எல்லாம் மறுநாளே தேனும் பாலுமாக ஆகிவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நம்பவும் வேண்டாம். செருப்பு இன்னமும் சுவரைப் பார்க்கிறது. ஆனால் இப்போது ஆந்தையார் சமையலறை வாசலில் நின்று, “இது கோவமா, தரை தொடச்சியா?” என்று கேட்டுக்கொள்கிறார். பெரும்பாலும் தரைதான். கோபம் என்று பதில் வந்தால் எதற்கு என்றும் கேட்கிறார். பதில் சில நேரம் நீளமாக இருக்கிறது. நின்று கேட்கிறார்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு சாயங்காலம், இரண்டு பேரும் காலர் துணிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது வெயில்காரம்மாவின் போன் வந்தது. நாளைக்குப் பகல் முழுக்க மழை, தகடு எதுவும் வேலை செய்யாது, ஆனால் ராத்திரி நல்ல காற்று இருக்கிறது, நாளைக்கு மட்டும் ராத்திரி ஓட்ட முடியுமா என்று கேட்டாள். சீக்கிரம் சொன்னால் நல்லது, எங்கள் ஆபீஸ் பெரியவர்கள் காத்திருக்கிறார்கள் என்றாள்.

முன்பெல்லாம் ஆந்தையார் இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் சரி என்று சொல்லியிருப்பார்.

“ஒரு நிமிஷம் இரும்மா. வீட்ல கேட்டுச் சொல்றேன்.”

போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். தையலம்மா கையிலிருந்த காலரை மடித்து வைத்தார். இன்னொன்றை எடுத்தார். அவசரப்படவில்லை. அடுப்பைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார். தன்னைக் கேட்கிறார்கள் என்பதை ஆற அமர அனுபவித்தார். அங்கே லோடு ஆபீஸில் பெரிய பெரிய திரைகளுக்கு முன்னால் இஞ்சினியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மலைமேல் காற்றாலைகள் நின்றுகொண்டிருந்தன. அத்தனையும் அந்தச் சின்ன வீட்டில் தையலம்மா வாய் திறப்பதற்காகக் காத்திருந்தன.

“நாளைக்கு ஓடட்டும்” என்றார் கடைசியில். “எனக்கும் ஒரு நாள் கட்டில் முழுசா வேணும். ஆனா மறுநாள் பகலுக்கே வந்துடணும்னு சொல்லிடுங்க.”

ஆந்தையார் அதை அப்படியே, கட்டிலை மட்டும் விட்டுவிட்டு, போனில் சொன்னார்.